அமெரிக்கப் பட்டியலில் ஒரு வேதமணி

அத்தியாயம் 5

மூன்றாவது வேதமணிக்குக் காது கேட்கவில்லை.

பெருங்கடவிளைச் சந்தைக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு ராபின்சன் தொண்டை வறள மூன்று தடவை கத்திப் பார்த்தான். அமெரிக்காவில் உங்கள் பேரில் ஒரு நம்பர் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாலாவது தடவை கிழவருக்குப் பாதி விளங்கியது. முகம் மலர உள்ளே போனார். ஒரு கட்டு லாட்டரிச் சீட்டோடு திரும்பி வந்து, எந்த சீரிஸ், கடைசி எண் என்ன என்று படபடப்போடு விசாரித்தார். பட்டியலில் இருந்த நாலிலக்க எண்ணின் கடைசியில் பதினேழு வரும் என்று ராபின்சன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். கிழவரிடம் பதினேழில் முடிகிற சீட்டும் இருந்தது. அங்கிருந்து தப்பித்து வர அவனுக்கு அரை மணி நேரமும், வீட்டம்மா கொடுத்த ஒரு செம்பு மோரும் பிடித்தன.

ராபின்சனுக்கு வயது முப்பத்தாறு. பாதி நாள் ஆட்டோ டிரைவர், மீதி நாள் துப்பறியும் உதவியாளர். இரண்டு மாநிலத்திலும் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி, இரண்டு மாநிலத்தாலும் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டவன். அந்த ஒரு விஷயத்தில்தான் கேரளமும் தமிழ்நாடும் சண்டையில்லாமல் ஒத்துப்போயிருக்கின்றன என்று அவனே சொல்லிக்கொள்வான்.

டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி வேதமணிகளைப் பொறுக்கியது அவனுடைய யோசனை. முதல் வேதமணி ரிட்டையர்டு ஹெட் கான்ஸ்டபிள். கேள்வி கேட்க வந்தவனைக் கேள்வி கேட்டே அனுப்பிவிட்டார். இரண்டாவது வேதமணி போன வருஷமே கல்லறைக்குக் குடிபோயிருந்தார். மூன்றாமவர் கதையைத்தான் பார்த்தோம். இந்த எல்லைப் பகுதியில் தெருவுக்கு ஒரு வேதமணி உண்டு என்பதும், அதில் முக்கால்வாசிப் பேருக்கு டெலிபோன் இல்லை என்பதும் பெருங்கடவிளையிலிருந்து பாறசாலைக்குத் திரும்பும் வழியில்தான் அவன் புத்திக்கு எட்டியது.

வெள்ளிக்கிழமை. மணி ஒன்றரை. மூன்று மணிக்குள் வேதமணி கிடைக்காவிட்டால் ஜெம்மா கதை முடிந்தது.

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில், பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் ஸ்ரீகுமாரி பழக்கேக் துண்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வருஷம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள் அவள். எஸ்.டி.டி. வந்து அந்த வேலை படுத்துவிட்டதும், ஊரார் ரகசியம் இத்தனை தெரிந்த பிறகு சும்மா இருப்பானேன் என்று துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். வாசலில் போர்டு மலையாளத்தில் ஒரு பக்கமும் தமிழில் ஒரு பக்கமும் இருக்கும். எந்தப் பஸ் வருகிறதோ அதற்குத் தக்கபடி காற்று அதைத் திருப்பும்.

எதிரே ஜெம்மா உட்கார்ந்திருந்தாள். கேக்கைத் தொடவில்லை.

பொழியூர் கடற்கரைப் பெண். இருபத்தாறு வயது. நெய்யாற்றின்கரையில் ராஜதாஸ் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாரம்மா. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். கரையில் காலை ஏலத்தில் சாளை என்ன விலை, நெத்தோலி என்ன விலை என்பதை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு டெலிபோன் கம்பி வழியாகச் சொல்லும் புரோகிராம். திருவனந்தபுரத்துச் சந்தை விலை பொழியூர்க் கரைக்குத் தெரிந்துவிட்டால், வியாபாரி சொன்னதே விலை என்று தலையாட்ட வேண்டியதில்லை அல்லவா. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானை யாரும் அதுவரை செய்யவில்லை.

இதில் அமெரிக்கா எங்கே வந்தது என்று ராபின்சன் முதல் நாளே கேட்டிருந்தான். ஸ்ரீகுமாரி அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு பஸ் ஸ்டாண்டு. கடிதம் வந்தால் இந்த எண் போட்ட இடத்தில் நிற்க வேண்டும், படம் வந்தால் அந்த எண் போட்ட இடத்தில் நிற்க வேண்டும். புதிதாக ஒரு ரூட் விட்டால் அதற்கும் நிற்க ஓர் எண் வேண்டும். இரண்டு ரூட் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க, உலகத்துக்கெல்லாம் சேர்த்து அமெரிக்காவில் ஓர் ஆபீஸ் பட்டியல் வைத்திருக்கிறது. விண்ணப்பம் அனுப்பினால் எண் தருவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில், தொடர்புக்கு இன்னார் என்று ஒரு பெயரும் போடுவார்கள்.

அந்தப் பெயரில்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

நெய்யாற்றின்கரை மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஜெம்மாவின் புரோகிராமை வாங்கிக்கொள்ள முன்வந்தது. உடனே ராஜதாஸ், அது என் சென்டரில் என் மூளையில் பிறந்தது, அந்தப் பெண் என்னிடம் சம்பளம் வாங்குகிறவள் என்று எழுதிக் கொடுத்தான். வாங்கப்போவது சங்கம்தான் என்றாலும் வேறு சில மொத்த வியாபாரிகளிடமும் அவன் பேசி வைத்திருந்தான். விலை முதலில் அவர்களுக்கு, கரைக்குக் கடைசியில். சங்கச் செயலாளர் அஸ்வதி நேர்மையான பெண்மணி. யாரோ தெரிந்தவர் மூலம் அந்த அமெரிக்கப் பட்டியலின் பக்கத்தை அச்செடுத்து வரவழைத்தார். 'மீன்விலை' என்று புரோகிராமின் பெயர் இருந்தது. எண் இருந்தது. ஆனால் தொடர்புக்கு ஜெம்மாவும் இல்லை, ராஜதாஸும் இல்லை. வேதமணி என்று இருந்தது. கூடவே ஓர் இ-மெயில் விலாசம்.

பட்டியலில் உள்ளவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கே புரோகிராம். வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை அவகாசம் என்று செயலாளர் முடித்துவிட்டார்.

"பதில் வந்திருக்கு," என்று ஜெம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். திருவனந்தபுரத்தில் இன்டர்நெட் உள்ள ஆபீஸில் வேலை பார்க்கும் சிநேகிதி மூலம் அந்த விலாசத்துக்கு, நீங்கள் யார், இந்த எண்ணை யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தாள். பதில் இங்கிலீஷில் இரண்டே வரி. பார்ட்டி இப்போது ஊரில் இல்லை, கடலுக்குப் போயிருக்கிறார். வந்ததும் தகவல் சொல்கிறேன், ஆறு மணிக்கு மேல் தொடர்பு கொள்ளவும். இப்படிக்கு வேதமணி.

தன்னைக் கண்டுபிடிக்க முடியாதபடி எவனோ பசப்புகிறான் என்று சொல்லி ஜெம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு மரியாதையான திருடனை நான் பார்த்ததில்லை, நேரம்கூடக் குறித்துக் கொடுக்கிறான் என்றான் ராபின்சன்.

ஸ்ரீகுமாரி கேக்கைக் கீழே வைத்தாள். காகிதத்தை மறுபடி வாசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எலே ராபின்சா, உனக்க விசிட்டிங் கார்டை எடு பாப்போம்."

ராபின்சன் எடுத்தான். ஆட்டோ ராபின்சன், கீழே ஒரு டெலிபோன் நம்பர், அடைப்புக்குறிக்குள் பி.பி.

"இந்த நம்பரு ஆருக்கது?"

"எதிர்வீட்டு சாருக்கது. எனக்க வீட்டுல போன் ஏது சேச்சி? ஆராவது விளிச்சா அவரு எடுத்துப் பேசுவாரு. நான் இல்லேன்னா, ஆளு ஓட்டத்துக்குப் போயிருக்கு, ஆறு மணிக்கு விளியுங்கன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திக் காகிதத்தைப் பார்த்தான்.

"அதாக்கும் காரியம்," என்றாள் ஸ்ரீகுமாரி. "பதினஞ்சு வருஷம் இந்தப் பேச்சைத்தான் நான் காதில கேட்டேன். இவன் திருடன் ஒண்ணும் இல்ல மக்களே. இவன் எதிர்வீட்டு சாரு."

வேறு யாருக்கோ வந்த எண்ணுக்கு வேதமணி வெறும் பி.பி., தகவல் வாங்கிச் சொல்கிற ஆள். அமெரிக்காக்காரனுக்கு பி.பி. என்றால் என்ன தெரியும்? தொடர்புக்கு இன்னார் என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பிப் பட்டியலில் ஏற்றிவிட்டான். அப்படியானால் அந்தப் பார்ட்டி யார்? கடலுக்குப் போகிறவன். ராஜதாஸ் அமரவிளை ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே தண்ணீருக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிற ஆசாமி, அவன் இல்லை. ஸ்ரீகுமாரி ஜெம்மாவின் பக்கம் திரும்பி, உன் விண்ணப்பத்தை எப்படி அனுப்பினாய் என்று பைய விசாரித்தாள்.

ஜூன் மாதம். ராஜதாஸின் சென்டரில் இன்டர்நெட் கிடையாது; இருந்தாலும் அவன் கண்ணில் படும்படி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நோட்டுக் காகிதத்தில் கையாலேயே எழுதி, அமெரிக்க விலாசத்தோடு கவரில் போட்டு, ஏர்மெயிலில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். வள்ளத்தின் எஞ்சினை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போன அப்பா சகாயதாஸ், அனுப்பியாச்சு என்று சாயங்காலம் வந்து சொன்னார். பதில் வரவேயில்லை. ஜூலையில் அவர் கொச்சிப் பக்கம் பெரிய போட்டில் வேலைக்குப் போய்விட்டார். இப்போது நடுக்கடலில் இருக்கிறார்.

"எஞ்சின் ரிப்பேரு எந்த இடத்துல?"

"உதியன்குளங்கரையில."

ஸ்ரீகுமாரி செருப்பைத் தேடினாள்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் எஞ்சின் பட்டறைக்கு நேர் எதிரே மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு டெலிபோன் பூத். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஃபாக்ஸ், ஜெராக்ஸ், அதற்குக் கீழே புது எழுத்தில் இன்டர்நெட், அதற்கும் கீழே சாக்பீஸில் 'அமெரிக்காவுக்கு அஞ்சு நிமிஷம்'. பஸ் ஸ்டாப்பிலிருந்து முப்பது அடி தூரம் இருக்கலாம். பொழியூரிலிருந்து வந்து நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்காக ஜெம்மா தினமும் நிற்கிற ஸ்டாப் அது. மூன்று மாதமாக வேதமணியைத் தேடாமலேயே அவன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

உள்ளே அமெரிக்கப் பட்டியலின் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒரு வரியின் அடியில் சிவப்பு மையில் கோடு. மாதா படத்துக்கு இந்தப் பக்கம் பட்டியல், அந்தப் பக்கம் ஊதுபத்தி ஸ்டாண்டு.

வேதமணி இல்லை. அவன் மனைவி தங்கபாய் கல்லாவில் இருந்தாள். ஆள் எங்கே என்று ராபின்சன் கேட்டதுதான் தாமதம், அந்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம். கார் அனுப்பியிருக்கிறார்களாம். கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போனாராம். யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் ராஜதாஸ் சாரேதான் வந்தாராக்கும் என்றாள்.

ராபின்சன் மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, மாதா படத்தைப் பார்த்து அதை வாபஸ் வாங்கினான். ஸ்ரீகுமாரி மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை நெருங்கி அதன் நெற்றியைப் பார்த்தாள். ராஜதாஸ் சென்டரின் ஸ்டிக்கர். இந்தக் கம்ப்யூட்டரை வேதமணிக்கு விற்றதே ராஜதாஸ்தான். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்த நிமிஷமே ஆள் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அமுக்கிக்கொண்டு, வேதமணியைத் தேடுகிறவர்களை ஊர் ஊராக அலைய விட்டுவிட்டான்.

"நம்மள மரச்சீனிக்காரன்கிட்ட விட்டுட்டு அவன் காரில வந்து அள்ளிட்டுப் போயிருக்கான்," என்றான் ராபின்சன். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

ஜூன் மாதத்தில் நடந்ததைத் தங்கபாய்தான் சொன்னாள். மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் கடல்புறத்துக்காரர் ஒருவர், எஞ்சின் ரிப்பேராகும் வரை ஒதுங்குவதற்காகப் பூத்துக்குள் வந்தார். கையில் கவர். போர்டை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கவரில் போனால் அமெரிக்காவுக்கு எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு வாரம் ஆகும் என்றதும், மகள் ராத்திரியெல்லாம் தூங்காமல் எழுதியது, இன்றைக்கே போகட்டும் என்று கவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வேதமணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். தொடர்புக்கு யார் என்ற இடம் வந்தது. ஜெம்மா தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கவரின் பின்பக்கத்தில்தான் எழுதியிருந்தாள், கவர் அப்பாவின் மடிக்குப் போய்விட்டது. காகிதத்தில் அந்த இடம் காலி, இ-மெயில் விலாசம் அவளிடம் இல்லை. அங்கிருந்து கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று வேதமணி கேட்டான்.

"அவரு கொஞ்ச நேரம் ஆலோசிச்சாரு," என்றாள் தங்கபாய். "நான் கடலில கிடப்பேன், பிள்ள வேலைக்குப் போயிரும், வீட்டுல போன் இல்ல. விளிச்சு ஆளில்லேன்னா அவன் வேற ஆருக்காவது நம்பரைக் குடுத்திருவான். கரையில எப்பளும் இருக்கப்பட்ட ஆளு நீங்கதான், நீங்களே இருங்கன்னாரு."

அதற்கப்புறம் மூன்று தடவை வந்து விசாரித்தாராம். பதில் வரவில்லை. நாலாவது தடவை வரவில்லை. அவர் கொச்சிக்குப் போன மறுவாரம் பதில் வந்தது. பார்ட்டி வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று வேதமணி அதை, மகள் கையால் எழுதிய காகிதத்தோடு சேர்த்துக் குத்தூசியில் குத்தி வைத்தான். வந்தவர் பெயரோ வீடோ கேட்டு வைக்கவில்லை. பூத்துக்கு வருகிறவர்களிடம் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்? இடையில் ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் யார் யாரோ இந்த எண்ணைப் பற்றி விசாரித்து எழுதினார்கள். எல்லாருக்கும் பார்ட்டி கடலில் இருக்கிறார் என்றே வேதமணி பொறுப்பாகப் பதில் போட்டிருக்கிறான்.

ஜெம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ராஜதாஸைத் திருடன் என்று நினைத்தவள், பிறகு வேதமணியையும் திருடன் என்று நினைத்தவள், கடைசியில் தன் அப்பா மழையில் நின்று அவசரப்பட்டதைக் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். அமெரிக்காவே மறுத்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதை மகளிடம் சொல்ல வாய் வராமல் கொச்சிக்கு போட் ஏறிவிட்டார். பாவம் மனுஷன் என்று ராபின்சன் வாய்விட்டே சொன்னான்.

"குத்தூசியில பிள்ள எழுதின காகிதம் காணல்லியே," என்றாள் ஸ்ரீகுமாரி.

அதையும் ராஜதாஸ் சார் எடுத்துப் போனார் என்றாள் தங்கபாய்.

ஆட்டோ அமரவிளைப் பாலத்தில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நெய்யாற்றைப் பார்த்தபடி ஸ்ரீகுமாரி ஜெம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அந்தக் காகிதத்தில் என்னென்ன எழுதியிருந்தாய்? புரோகிராம் அனுப்பக்கூடிய செய்திகளின் பட்டியல் என்றாள் ஜெம்மா. ஒன்று, ஏலம் தொடங்கியது. இரண்டு, மீனின் பெயர். மூன்று, விலை. நாலு, எடை. ஐந்து, ஐஸ் வேண்டும். ஆறு, ஏலம் முடிந்தது. ஏழு, கடல் இல்லை.

"ஏழுக்கு விளக்கம் எழுதினியா?"

இல்லை என்று ஜெம்மா தலையசைத்தாள். அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லையாம். ஸ்ரீகுமாரி விளக்கத்தைத் தானும் கேட்கவில்லை. எனக்கும் இப்போது சொல்லாதே, அங்கே போய்ச் சொல்லலாம் என்று மட்டும் சொன்னாள். இந்த அம்மாள் எதையோ மடியில் கட்டிக்கொண்டாள் என்பது ராபின்சனுக்கு விளங்கியது, என்னவென்று விளங்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் ஆட்டோவை விரட்டினான்.

சங்கத்துக்குள் நுழையும்போது மூன்றடிக்க ஐந்து நிமிஷம். செயலாளர் அஸ்வதியின் மேஜைக்கு முன்னால் ராஜதாஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கல்யாணச் சட்டைக்குள் இறுகிப்போய் வேதமணி. மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்று ஜூன் மாதத்து விண்ணப்பம். மற்றது வேதமணி கையெழுத்துப் போட்ட கடிதம். இந்த எண்ணும் புரோகிராமும் ராஜதாஸுக்கு உரியவை, பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட அமெரிக்காவுக்கு எழுதுகிறேன் என்று.

விண்ணப்பத்தில் இருப்பது ஜெம்மாவின் எழுத்து என்று செயலாளரே எடுத்துச் சொன்னார். ராஜதாஸ் மறுக்கவில்லை. சிரித்தான். ஆமாம், நான் சொல்லச் சொல்ல என் சென்டரில் உட்கார்ந்து இந்தப் பெண் எழுதினாள். நான் சொல்லித்தான் அவள் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். சம்பளம் வாங்குகிறவள் கையால் எழுதினால் முதலாளி எழுதியதாகாதா? வேதமணி சாட்சி.

வேதமணி எழுந்து நின்று சாட்சி சொன்னான். யார் சொல்லி அந்தக் கடல்புறத்துக்காரர் வந்தார் என்று தனக்குத் தெரியாதாம். சார் படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டானாம். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று ராபின்சன் ஜெம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். பட்டியலில் உள்ளவர் கைகாட்டிவிட்டார், என் கை கட்டப்பட்டிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஒரு நிமிஷம் என்றாள் ஸ்ரீகுமாரி. விண்ணப்பத்தை எடுத்து ராஜதாஸின் முன்னால் வைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றான். வார்த்தைக்கு வார்த்தை உங்களுடையதுதானே என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றான். செயலாளர் இரண்டையும் குறித்துக்கொள்ளும் வரை அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணிலேருந்து ஆறு வரை எனக்கே மனசிலாகுது சாரே. இந்த ஏழு என்னவாக்கும்?"

ராஜதாஸ் குனிந்து பார்த்தான். கடல் இல்லை. காகிதத்தைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அது எரர் கோடு, லைன் அறுந்துபோனால் மெஷின் தானாகக் காட்டுவது, டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குச் சொன்னால் விளங்காது என்றான். லைன் அறுந்துபோனால் அந்தச் செய்தி எந்த லைனில் வரும் என்று ராபின்சன் தெரியாத்தனமாகக் கேட்டு வைத்தான். ராஜதாஸ் அவனை முறைத்தான். அப்படியானால் மீன் கிடைக்காத நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"மீன் கெடைக்கல்லேன்னா எடை பூஜ்யம்னு நாலாம் நம்பரில போவும்," என்றாள் ஜெம்மா. உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "இது அது இல்ல."

செயலாளர் அவளைப் பார்த்துச் சொல்லம்மா என்றார். ஜெம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல ஆரம்பித்தபோது அவள் யாரையும் பார்க்கவில்லை.

"எங்க கரையில ஒரு சாவு விழுந்தா அடக்கம் முடியுத வரை ஒரு வள்ளமும் இறங்காது. ஆரு செத்தாலும் அப்படித்தான். அது ஐஸ் லாரிக்காரங்களுக்குத் தெரியாது. விடியக்காலம் வந்து நிப்பாங்க. எனக்க அண்ணன் சிஜோ கடலில போயி மூணாம் நாளு கரைக்குக் கிடைச்சான். அடக்கத்துக்கு எடுக்குத நேரம் லாரி வந்து வீட்டு முன்னால நின்னு ஆரன் அடிச்சுகிட்டே இருந்து. ஒருத்தரும் போவல்ல. அப்பா பெட்டியைத் தோளில இருந்து இறக்கி வேற ஆளுகிட்ட குடுத்துட்டு, ரோட்டுக்குப் போயி, இன்னைக்குக் கடல் இல்ல மக்கா, நீ திரும்பிப் போன்னு சொல்லிட்டு வந்து மறுபடி பெட்டியைத் தூக்கினாரு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அத இனி ஒரு அப்பனும் போயிச் சொல்லாண்டாம்னுதான் நான் இதை எழுதத் தொடங்கினேன். முதல்ல எழுதினது ஏழாக்கும். விலையெல்லாம் பொறவுதான் வந்து."

வேதமணி உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தான். அந்த மனுஷரா என் கடைக்கு வந்தது என்று அவன் மெல்லக் கேட்டான். ஆமாம் என்று ஜெம்மா தலையசைத்தாள். அவன் தன் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து, செயலாளரிடம் ஒரு வெள்ளைக் காகிதம் தாருங்கள், நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றான். ராஜதாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ காதில் சொன்னான். வேதமணி அந்தக் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தான்.

ராபின்சன் போய் ராஜதாஸுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

செயலாளர் அஸ்வதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பைலைத் தன் பக்கம் இழுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் ஜெம்மா சகாயதாஸ், பொழியூர் என்று எழுதினார். எழுதிவிட்டு, கரையில் இருக்கும் நம் கிளையில் மெஷினை என்றைக்கு வைக்கலாம் என்று கேட்டார்.

"நாளைக்கே வைக்கலாம்," என்றாள் ஜெம்மா. "இன்னைக்குக் காலையில எங்க தெருவில ஒரு வயசான பாட்டா செத்துப் போயிட்டாரு. அடக்கம் நாளைக்காக்கும்."